கொரோனா காலத்தில் யாரும் கேட்காத வயிறு

2020-இல் தொடங்கி நாம் எல்லோரும் மனப்பாடமாகவே வைத்திருந்த சில கேள்விகள் உண்டு. காய்ச்சல் இருக்கிறதா, இருமல் இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, வாசனை தெரிகிறதா. விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிக்கொண்டு எண் 94-க்குக் கீழே இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். கேட்டதில் தவறில்லை, பெரும்பாலான உயிர்கள் நுரையீரல் வழியாகத்தான் போயின. ஆனால் வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. பேதி போனால் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை, மாத்திரைச் சூடு, பயம் என்று ஏதாவது ஒரு காரணம் உடனே கிடைத்துவிடும். எல்லாம் முடிந்து ரத்தப் பரிசோதனை எடுத்து, அதில் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதியின் வரியில் ஒரு எண் தடித்த எழுத்தில் வந்துவிட்டால் மட்டும் வீடே கலங்கிப்போகும். நோயாளியே படும் அவஸ்தையை அலட்சியமாக விட்டுவிட்டு, அவர் உணரவே முடியாத ஓர் எண்ணைக் கண்டு மிரண்டோம். கொரோனாவில் செரிமான மண்டலத்தையும் கல்லீரலையும் பொறுத்தவரை நம் கவனம் தலைகீழாக இருந்தது என்பது என் எண்ணம். நான் மருத்துவர் இல்லை. அண்ணனுக்கு நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்ததும், அதற்குப் பிறகு தேடித் தேடிப் படித்ததும்தான் இதற்கு ஆதாரம்.

அண்ணனுக்கு நோய் ஆரம்பித்ததே வயிற்றில்தான். இரவில் குமட்டல், விடியும்போது பேதி. சளியும் இல்லை, இருமலும் இல்லை. வயிற்றுக்கோளாறு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், அதனால் வீட்டில் யாரும் ஒதுங்கி இருக்கவும் இல்லை. சில நாள் கழித்து காய்ச்சல் வந்து, வாசனை போய், மூக்கில் சோதனை எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அதற்குள் அண்ணிக்கும் தொற்றிவிட்டது. நோய் தொடங்கிய தேதி என்று மருத்துவக் குறிப்பில் ஏறியது காய்ச்சல் வந்த நாள். பேதி தொடங்கிய நாள் எங்கேயும் ஏறவில்லை.

நுரையீரலைவிட அதிகமாக

இந்த வைரஸ் உயிரணுவுக்குள் நுழைய ஏசிஇ2 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். ஆனால் உடம்பில் அந்தப் புரதம் மிக அதிகமாக இருக்கும் இடங்களில் ஒன்று சிறுகுடல் என்பதைப் பலர் கவனித்ததில்லை. சிறுகுடலின் உள்சுவரில் சத்துகளை உறிஞ்சும் செல்களின் மேற்புறத்தில் அது நெருக்கமாக இருக்கிறது, நுரையீரலில் இருப்பதைவிடவும் அதிகம். வைரஸ் உள்ளே போவதற்கு உதவும் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதியும் அங்கே உண்டு. 2020-லேயே நெதர்லாந்தின் உட்ரெக்டில் ஹான்ஸ் கிளெவர்ஸின் குழுவினர் மனிதக் குடல் திசுவைச் சோதனைத் தட்டில் சிறு உருண்டைகளாக வளர்த்து அதில் இந்த வைரஸைவிட்டுப் பார்த்தார்கள். குடல் செல்களுக்குள் அது புகுந்து பெருகியது. மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் சளியை நாள் முழுக்க விழுங்கிக்கொண்டே இருக்கிறோம். அதோடு சேர்ந்து, வயிற்று அமிலத்திலிருந்து தப்பி, வைரஸ் குடல்வரை போய்விடுகிறது என்பதுதான் பொதுவான விளக்கம்.

அமெரிக்காவில் முதன்முதலாக உறுதியான நோயாளி 2020 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்தில் கண்டறியப்பட்டவர். அவரைப் பற்றிய மருத்துவ அறிக்கையை வாசித்தால், மருத்துவமனைக்கு வரும்போதே குமட்டலும் வாந்தியும் இருந்திருக்கின்றன, சேர்ந்த பிறகு பேதியும் போயிருக்கிறது. அவருடைய மலத்தைச் சோதித்ததில் வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ இருந்தது. ஆக அந்த நாட்டின் முதல் நோயாளியிடமே குடல் பேசிவிட்டது. அதற்கும் முன்னால், இதே குடும்பத்து வைரஸால் 2003-இல் வந்த சார்ஸ் நோயிலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று பரவியது. அவர்களில் பெரும்பாலோருக்குப் பேதி இருந்தது. கழிவுநீர்க் குழாய்கள் வழியாக அது பரவியது என்பதுதான் விசாரணையில் வந்த முடிவு. இவ்வளவு தெரிந்திருந்தும் 2020-இல் வயிறு பட்டியலின் கடைசியில் போய் நின்றது எனக்கு இன்னும் ஆறவில்லை.

எத்தனை பேருக்கு வயிற்றுத் தொல்லை வந்தது? ஹாங்காங்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 17.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு செரிமான அறிகுறி இருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் பசியின்மைதான் முதலிடம், 26.8 சதவீதம். பேதி 12.5, குமட்டலும் வாந்தியும் 10.2, வயிற்றுவலி 9.2. எல்லா ஆய்விலும் எல்லா அறிகுறியையும் கேட்டு எழுதவில்லை, அதனால்தான் தனி எண் மொத்த எண்ணைத் தாண்டிப் போகிறது. கேட்கப்படாத கேள்வியின் சுவடு இந்தத் தொகுப்பிலேயே தெரிகிறது. மலத்தைச் சோதித்தவர்களில் 48.1 சதவீதம் பேரிடம் வைரஸின் ஆர்என்ஏ கிடைத்தது. தொண்டைச் சோதனையில் 'இல்லை' என்று வந்த பிறகும் பலருக்கு மலத்தில் 'இருக்கிறது' என்றே வந்துகொண்டிருந்தது. அதே காரணத்தால்தான் நெதர்லாந்தில் 2020 தொடக்கத்திலேயே நகரத்துச் சாக்கடை நீரில் வைரஸின் தடயத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது. பிறகு பல நாடுகள் அதை ஒரு கண்காணிப்பு முறையாகவே ஆக்கிக்கொண்டன.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மலத்தில் ஆர்என்ஏ இருப்பதும், மலத்தின் வழியாக நோய் பரவுவதும் ஒன்றல்ல. பெருங்குடலில் இருக்கும் திரவம் வைரஸைச் சீக்கிரமே செயலிழக்கச் செய்துவிடுகிறது என்று சோதனைச் சாலையில் பார்த்திருக்கிறார்கள். மலத்திலிருந்து தொற்றக்கூடிய வைரஸைப் பிரித்தெடுத்தது அபூர்வமாகத்தான் நடந்திருக்கிறது. கொரோனா பரவியது முக்கியமாகக் காற்றில்தான். குடலைப் பற்றி நான் கவலைப்படுவது பரவலுக்காக இல்லை, குடலை வைத்திருக்கும் ஆளுக்காக.

பேதி மட்டுமா

உறிஞ்சும் செல்கள் பாதிக்கப்பட்டால் நீரும் உப்பும் சரியாக உள்ளே போகாது, அதுதான் பேதி. அதோடு குடல் சுவரில் அழற்சி வருகிறது. மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தை அளந்தால் இது தெரியும், பேதி இருந்த கொரோனா நோயாளிகளிடம் அது கூடியிருந்தது. மருந்துகளின் பங்கையும் மறக்கக் கூடாது. தேவையில்லாமல் கொடுக்கப்பட்ட ஆன்டிபயாடிக் மாத்திரைகள் எத்தனை பேர் வயிற்றைக் கெடுத்தன என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. நிர்மட்ரெல்விர், ரிட்டோனாவிர் சேர்ந்த வைரஸ் எதிர்ப்பு மாத்திரைக்கே நாக்கில் கசப்பும் பேதியும் தெரிந்த பக்கவிளைவுகள்தான்.

ஏசிஇ2-க்குக் குடலில் இன்னொரு வேலையும் இருக்கிறது. அமினோ அமிலங்களை உள்ளே கடத்தும் பி0ஏடி1 என்ற புரதம் குடலில் நிலைத்திருக்க அது துணை நிற்கிறது. 2012-இலேயே, இந்த வைரஸைப் பற்றி யாருக்கும் தெரியாத காலத்தில், ஏசிஇ2 இல்லாத எலிகளுக்கு டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் சரியாக உறிஞ்சப்படாமல், குடல் நுண்ணுயிர்களும் மாறி, குடல் எளிதில் அழற்சிக்கு ஆளாகிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள். டிரிப்டோஃபேனிலிருந்துதான் உடம்பு செரோடோனினைச் செய்கிறது. செரோடோனினில் ஏறக்குறைய 90 சதவீதம் தயாராவது குடலில். 2023 அக்டோபரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக் குழு ஒரு நீண்ட சங்கிலியை முன்வைத்தது. தொற்றுக்குப் பிறகும் வைரஸின் மிச்சம் குடலில் தங்குகிறது. அது இன்டர்ஃபெரான் என்ற நோய் எதிர்ப்புப் புரதத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. அதனால் டிரிப்டோஃபேன் உறிஞ்சப்படுவது குறைகிறது, செரோடோனின் குறைகிறது, குடலிலிருந்து மூளைக்குப் போகும் வேகஸ் நரம்பு மந்தமாகிறது, நினைவாற்றல் பாதிக்கப்படுகிறது. இதன் பெரும்பகுதி எலிகளில் பார்க்கப்பட்டது, நோயாளிகளிடம் செரோடோனின் குறைவு காணப்பட்டது. எல்லோருக்கும் இதுதான் காரணம் என்று சொல்ல இது போதாது. ஆனாலும் தொற்றுக்குப் பிந்தைய மறதியை விளக்க ஆய்வாளர்கள் குடலில் போய் நின்றார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

குடல் நுண்ணுயிர்களைப் பற்றி ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்திலிருந்து தொடர்ச்சியாக ஆய்வுகள் வந்தன. குடல் சுவருக்கு நல்லது செய்யும் சில பாக்டீரியாக்கள், முக்கியமாக ஃபீகலிபாக்டீரியம் வகையும் பிஃபிடோபாக்டீரியம் வகையும், நோயாளிகளிடம் குறைந்திருந்தன. தொல்லை நீடித்தவர்களிடம் ஆறு மாதம் கழித்தும் அந்த மாற்றம் முழுக்கச் சரியாகவில்லை. எது காரணம், எது விளைவு என்பது இதில் எளிதில் பிரியாது. நோயில் சாப்பாடு மாறுகிறது, மருந்து மாறுகிறது, அதெல்லாமும் நுண்ணுயிர்களை மாற்றும். இதைச் சாக்காக வைத்து விற்கப்படும், நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் பொட்டலங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த நோயில் பலன் நிரூபிக்கப்படவில்லை.

இன்னொரு தகவல் நான் எதிர்பார்க்காதது. நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களைப் பார்த்தபோது, செரிமான அறிகுறிகள் இருந்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. குடலில் வைரஸ் இருந்தாலும் அங்கே அழற்சி நுரையீரல் அளவுக்குக் கொந்தளிக்கவில்லை. எல்லா இடங்களிலும் இதே முடிவு வரவில்லை. எனவே பேதி வந்தால் தப்பித்தோம் என்று யாரும் நிம்மதியடைய வேண்டாம். குழந்தைகள் விஷயத்தில் நிலைமை நேரெதிர். தொற்று வந்துபோன இரண்டு முதல் ஆறு வாரங்களில் சில குழந்தைகளுக்குப் பல உறுப்புகளில் ஒரே நேரத்தில் அழற்சி வரும் ஒரு நிலை உண்டு. அதில் கடுமையான வயிற்றுவலி, வாந்தி, பேதிதான் பல சமயம் முதலில் தெரியும். குடல்வால் அழற்சி என்று நினைத்து அறுவைச் சிகிச்சைவரை போன குழந்தைகளும் உண்டு. தொடர் காய்ச்சலோடு குழந்தைக்கு வயிற்றுவலி என்றால், ஆறு வாரத்துக்குள் வீட்டில் யாருக்காவது கொரோனா இருந்ததா என்பதை மருத்துவரிடம் நாமாகவே சொல்லிவிடுவது நல்லது.

பழைய ரிப்போர்ட்

அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டது, வாசனை திரும்பியது. முழு உடல் பரிசோதனை ஒன்று எடுத்ததில் எஸ்ஜிபிடி சாதாரண அளவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. கொரோனா கல்லீரலைத் தின்றுவிட்டது என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் கல்லீரலைச் சுத்தம் செய்யும் மாத்திரை என்று ஒரு புட்டியை அனுப்பிவைத்தார். அண்ணி அதை எடுத்து வைத்துக்கொண்டு, டாக்டரைப் பார்க்காமல் தர மாட்டேன் என்று உறுதியாக நின்றார். அது எவ்வளவு சரியான முடிவு என்பது பிறகுதான் புரிந்தது. 'இயற்கை' என்று விற்கப்படும் செறிவூட்டிய பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரைகளும், மஞ்சள் மாத்திரைகளும் கல்லீரலைக் கடுமையாகப் பாதித்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

கல்லீரல் மருத்துவரைப் பார்க்க நானும் கூடப் போனேன். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி இது: "கொரோனா வர்றதுக்கு முன்னாடி எப்பவாவது ரத்தம் டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?" அந்த யோசனையே எங்கள் யாருக்கும் வரவில்லை. அண்ணி செல்போனில் பழைய மின்னஞ்சல்களைத் துழாவி, வேலைக்காக முன்பு எடுத்த ஒரு பரிசோதனையைக் கண்டுபிடித்துக் காட்டினார். அதிலும் எஸ்ஜிபிடி கிட்டத்தட்ட இதே அளவு. அப்போது யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது கொரோனா குடுத்தது இல்லீங்க, ஏற்கெனவே இருந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம், கொழுப்பு இருக்கும்னு நினைக்கிறேன்," என்றார். ஸ்கேனில் அதுதான் தெரிந்தது, ஃபேட்டி லிவர். உலகில் பெரியவர்களில் பத்துக்கு மூன்று பேரிடம் இருப்பது. தொற்றுக் காலத்தில் முதன்முறையாக ரத்தம் கொடுத்த கோடிக்கணக்கானவர்களில் எத்தனை பேரின் பழைய கொழுப்பு கொரோனாவின் கணக்கில் எழுதப்பட்டிருக்கும் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் மருத்துவர் ரிப்போர்ட்டை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, "சரி, அது இருக்கட்டும். வயிறு எப்படி இருக்கு?" என்று கேட்டார். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். காலையில் பல தடவை போக வேண்டியிருக்கிறது. சாப்பிட்ட உடனே வயிறு முறுக்குகிறது, போய்வந்தால் வலி குறைகிறது. வெளியே கிளம்புவதற்கு முன்னால், போகிற வழியில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று மனதுக்குள் கணக்குப் போடுகிறார். நீண்ட பயணங்களை ஏதேதோ காரணம் சொல்லித் தவிர்த்துக்கொண்டிருந்தது இதனால்தான். எனக்கு இதில் எதுவும் தெரியாது. அண்ணிக்கே பாதிதான் தெரியும். எல்லோரும் அவரிடம் எஸ்ஜிபிடி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அவருடைய ஒவ்வொரு நாளையும் தின்றுகொண்டிருந்தது வேறொன்று. அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் கொரோனாவில் வயிற்றின் இடத்தைப் பற்றி நான் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன்.

கல்லீரல் எண் எதைச் சொல்கிறது

கல்லீரல் பாதிப்பே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் கணிசமானோருக்குக் கல்லீரல் நொதிகள் கூடியிருந்தன. ஆய்வைப் பொறுத்து 15 முதல் 50 சதவீதம்வரை எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் லேசான கூடுதல், எஸ்ஜிபிடியைவிட எஸ்ஜிஓடி என்ற இன்னொரு நொதி சற்று அதிகம், நோய் தணிந்ததும் இறங்கிவிடும். எஸ்ஜிஓடி தசையிலும் இருக்கிறது என்பதால், உடம்பெல்லாம் வலியோடு வந்த ஒரு நோயில் அது முழுக்கக் கல்லீரலிலிருந்துதான் வந்தது என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது.

காரணங்கள் பல. கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் போர்ட்டல் சிரை வழியாக வருவது. குடல் சுவர் தளர்ந்தால் அங்கிருந்து கசியும் எதுவும் முதலில் போய்ச் சேரும் இடம் கல்லீரல்தான். அந்த ரத்தத்தில் ஆக்சிஜனும் குறைவு. நுரையீரல் கெட்டு ஆக்சிஜன் மேலும் இறங்கும்போது, கல்லீரலின் ஒவ்வொரு நுண்பகுதியிலும் மையச் சிரையை ஒட்டிய செல்கள்தான் முதலில் அடிபடுகின்றன. உடம்பு முழுக்க எழும் அழற்சி இன்னொரு பக்கம். வட இத்தாலியில் இறந்த 48 பேரின் கல்லீரல் திசுவை ஆராய்ந்தவர்கள் ரத்தக்குழாய்களில் மாற்றங்களையும் உறைவுகளையும் கண்டார்கள், வைரஸ் கல்லீரல் செல்லை நேரடியாக அழித்ததற்கான கடும் அழற்சி தெரியவில்லை. கல்லீரலில் ஏசிஇ2 அதிகமாக இருப்பது பித்தநாளங்களின் உள்பூச்சுச் செல்களில், கல்லீரல் செல்களில் குறைவு. சாதாரண நோயாளியிடம் கல்லீரல் அடிபடுவது பெரும்பாலும் மற்ற இடங்களில் நடக்கும் போரின் தாக்கத்தால் என்றுதான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

மருந்தையும் சொல்ல வேண்டும். கொரோனாவுக்கு ஊசியாக ஏற்றப்பட்ட ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து கல்லீரல் நொதிகளை உயர்த்தக்கூடியது. எஸ்ஜிபிடி இயல்பின் மேல்வரம்பைப்போல் 10 மடங்கைத் தாண்டினால் நிறுத்துவதைப் பரிசீலிக்க வேண்டும் என்பது அதன் குறிப்பிலேயே இருக்கிறது. ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் அடங்கிக் கிடப்பவர்களுக்கு ஸ்டீராய்டோ, அழற்சியை அடக்கும் டோசிலிசுமாப் மருந்தோ கொடுக்கும்போது அது மறுபடி விழித்துக்கொள்ளலாம். அன்றாடம் நடப்பது பாராசிட்டமால். காய்ச்சல் மாத்திரை தனி, சளி மாத்திரை தனி, உடம்புவலிக்குத் தனி என்று மூன்று அட்டை வாங்கினால் மூன்றிலும் பாராசிட்டமால் இருக்க வாய்ப்புண்டு. ஆரோக்கியமான பெரியவருக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்சவரம்பு. கல்லீரல் நோய் இருந்தாலோ, குடிப்பழக்கம் இருந்தாலோ, பல நாள் சாப்பிடாமல் மெலிந்திருந்தாலோ அதைவிடக் குறைவாகத்தான் எடுக்க வேண்டும். அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உண்மையிலேயே அஞ்ச வேண்டியவர்கள் ஏற்கெனவே சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய், இருப்பவர்கள். 29 நாடுகளிலிருந்து கல்லீரல் நோயுள்ள 745 பேரின் விவரங்களைத் தொகுத்து 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. சிரோசிஸ் இல்லாத நாள்பட்ட கல்லீரல் நோயாளிகளில் இறந்தவர்கள் 8 சதவீதம். சிரோசிஸ் இருந்தவர்களில் 32 சதவீதம். அதிலும் நோயின் தீவிரத்தைப் பிரிக்கும் சைல்ட்-பியூ அளவீட்டில் ஏ நிலையில் 19, பி நிலையில் 35, சி நிலையில் 51 சதவீதம். சி நிலையில் பாதிப் பேர் பிழைக்கவில்லை. தடுப்பூசி பரவலாகக் கிடைக்காத காலத்தின் எண்கள் இவை. ஆனாலும் சிரோசிஸ் இருப்பவர் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதைவிட அழுத்தமாக நான் எதையும் சொல்ல முடியாது. கல்லீரல் மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ரிட்டோனாவிர், மாற்று உறுப்பை உடம்பு நிராகரிக்காமலிருக்க அவர்கள் எடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். தங்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்த வைரஸ் மாத்திரையைத் தொடக் கூடாது.

இன்னொரு கூட்டம் ஐசியுவில் நீண்ட நாள் கிடந்து மீண்டவர்கள். கல்லீரல் செல்களுக்கு இரண்டு வழியில் ரத்தம் வருகிறது, பித்தநாளங்களுக்குத் தமனி வழி மட்டும்தான். வென்டிலேட்டரில் இருந்த சிலருக்கு அந்த நாளங்கள் சேதமாகி, நுரையீரல் தேறிய பிறகு, வாரங்களோ மாதங்களோ கழித்து பித்தநாளக் கோளாறைக் காட்டும் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி ஏறி, அரிப்பும் மஞ்சள் காமாலையும் வந்தன. 2021-இலிருந்து இது பதிவாகிவருகிறது. சிலருக்குக் கல்லீரல் மாற்றுச் சிகிச்சையே தேவைப்பட்டது. இது அபூர்வம். ஆனால் கடும் கொரோனாவிலிருந்து மீண்ட ஒருவர் உடம்பு அரிக்கிறது என்றால், தோல் மருந்தோடு விட்டுவிடாமல் கல்லீரல் சோதனை ஒன்று எடுப்பது அவசியம்.

மிச்சம்

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான சுகாதாரத் துறையின் பதிவேடுகளிலிருந்து, கொரோனா வந்த 1,54,068 பேரை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2023-இல் வெளியானது. தொற்று வராதவர்களோடு ஒப்பிட்டால், செரிமானம் சார்ந்த நோய் ஏதாவது வரும் வாய்ப்பு 36 சதவீதம் அதிகம். நெஞ்செரிச்சல், வயிற்றுப்புண், கணைய அழற்சி, பித்தநாள அழற்சி, நீடிக்கும் அஜீரணம் எல்லாம் அதில் அடக்கம். மருத்துவமனையில் சேராதவர்களிடமும் இந்தக் கூடுதல் இருந்தது. இந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வயதான ஆண்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். சோதனைகளில் வேறு கோளாறு எதுவும் தெரியாமலேயே வயிற்றுவலியும் பேதியும் தொடர்வதைக் குடல் எரிச்சல் நோய் என்கிறார்கள். அதை மட்டும் பார்த்த ஒரு பன்னாட்டு ஆய்வில், மருத்துவமனையில் இருந்த கொரோனா நோயாளிகளில் ஓராண்டு கழித்து 3.2 சதவீதம் பேருக்கு அது புதிதாக வந்திருந்தது, மற்ற நோயாளிகளில் 0.5 சதவீதம். சின்ன எண்தான். உலகம் முழுக்கத் தொற்று வந்தவர்களின் எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்க்கும்போது சின்னதாகத் தெரியவில்லை.

வைரஸின் மிச்சம் குடலில் எவ்வளவு நாள் தங்குகிறது என்பதற்கும் விடை கொஞ்சம் கிடைத்திருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு குழு மலத்தைத் தொடர்ந்து சோதித்ததில், முதல் வாரத்தில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆர்என்ஏ இருந்தது, நான்கு மாதம் கழித்து 12.7 சதவீதம் பேரிடம், ஏழு மாதம் கழித்து 3.8 சதவீதம் பேரிடம். இன்னொரு ஆய்வில், நோய் வந்து நான்கு மாதம் ஆன 14 பேரின் குடல் திசுவை எடுத்துப் பார்த்தால் 7 பேரிடம் வைரஸின் தடயம் இருந்தது. அப்படியானால் வைரஸ் மாத்திரையை நீண்ட நாள் கொடுத்தால் சரியாகிவிடுமா? அதையும் ஸ்டான்ஃபோர்டில் சோதித்துப் பார்த்தார்கள். நீண்டகால கொரோனாத் தொல்லை உள்ள 155 பேரைச் சேர்த்து, சிலருக்கு 15 நாள் நிர்மட்ரெல்விர் கொடுத்துப் பார்த்தார்கள். 2024-இல் வந்த முடிவில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. ஆகவே அந்த மாத்திரையைத் தேடி அலைவதில் இப்போதைக்குப் பயனில்லை.

செய்யக்கூடியது எஞ்சிய தொல்லைக்கு முறையாக வைத்தியம் பார்ப்பதுதான். முதலில் வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ரத்தசோகை, விடாத காய்ச்சல், இவற்றில் ஒன்று இருந்தாலும் குடல் எரிச்சல் நோய் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. எண்டோஸ்கோபிவரை போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். அண்ணனுக்கு அப்படி எதுவும் இல்லை. கால்புரோடெக்டினும் தைராய்டும் பார்த்தார்கள், இரண்டும் சரியாக இருந்தன. பேதியைக் கட்டுப்படுத்த லோபெரமைட், இரவில் மிகக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின், எந்தச் சாப்பாட்டில் முறுக்குகிறது என்று எழுதிவைக்க ஒரு நோட்டு. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வு மாத்திரை ஆயிற்றே என்று அவர் தயங்கினார். குடல் நரம்புகளைத் தணிக்கத்தான் இந்தக் குறைந்த அளவு என்று மருத்துவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பிரிட்டனில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் குடல் எரிச்சல் நோய்க்கு அது பலன் தந்ததாக 2023-இல் வெளியானது. அண்ணனுக்குத் தொல்லை பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. எடையைக் குறைத்ததில் எஸ்ஜிபிடி தானாகவே இறங்கத் தொடங்கியிருக்கிறது. அடுத்த கல்லீரல் சோதனை ஆறு மாதம் கழித்துப் போதும் என்று மருத்துவர் சீட்டில் எழுதியிருக்கிறார், வயிற்றுக்கு மட்டும் மாதாமாதம் வரச் சொல்லியிருக்கிறார்.